வெட்டக் கொடுப்பது அவமரியாதை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு, கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பழங்காநத்தம் பகுதியில் நான் பார்த்த வரையில், அவர்களில் சிலர் ஆட்டத்தை விடவில்லை, இடத்தைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மொட்டைமாடியிலும், கல்யாணத்துக்கு முந்தைய இரவில் மண்டபத்து ஜமுக்காளத்திலும், கேத வீட்டுப் பந்தலிலும் காலங்காலமாக நடந்துவரும் சீட்டாட்டத்தில் இப்போது இளவட்டங்களும் வந்து உட்காருகிறார்கள். சீட்டாடுவது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வாராவாரம் ஆடுகிறவன் என்பதால் அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. வீட்டு ஆட்டத்தில் நடக்கும் ஏமாற்று வேலையைப் பற்றியும், அதில் சிக்காமல் ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியைப் பற்றியும் மட்டும் எழுத விரும்புகிறேன்.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஆறு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடுவோம். பாயிண்டுக்கு ஐம்பது காசு. ஒரு சீட்டும் சேராமல் 80 பாயிண்ட் வாங்கினாலும் நாற்பது ரூபாய்தான் போகும். தொழில் புத்தி விடாத காரணத்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுப் போட்டவர் யார், ஜெயித்தவர் யார், யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தேன். நண்பர்கள் அதை வைத்து என்னைக் கேலி பேசுவதும் உண்டு. ஒரு வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டியபோது, எங்களில் ஒருவர் தாமே சீட்டுப் போட்ட ஆட்டங்களில் மட்டும் அடிக்கடி ஜெயித்திருப்பதும், மற்றவர்கள் போட்ட ஆட்டங்களில் எங்களைப் போலவே ஏறியும் இறங்கியும் வந்திருப்பதும் தெரிந்தது. என் கணக்கில் மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம் போயிருந்தது. பெரிய தொகை இல்லை என்றாலும், ஓய்வூதியம் இல்லாத என் போன்றவனுக்குச் சின்னத் தொகையும் இல்லை.

அந்த நண்பர் சீட்டுப் போடும்போது தம் கைப்பேசியை முழங்காலுக்கு முன்னால் ஜமுக்காளத்தின்மேல் மல்லாக்க வைத்திருப்பார். திரை அணைந்து கறுப்பாகக் கிடக்கும். வீட்டிலிருந்து அழைப்பு வரும் என்பார். நாங்களும் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், விளக்குப் போட்ட நேரத்தில், காற்றில் எகிறிய என் நோட்டைப் பிடிக்க நான் குனிந்தபோது, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் டியூப்லைட் வெளிச்சத்தின் குறுக்கே இஸ்பேட் ராணியின் முகம் வழுக்கிக்கொண்டு போவதைக் கண்டேன். அடுத்த நொடியில் அந்த ராணி என் எதிரே இருந்தவரின் குவியலில் குப்புற விழுந்தது. மற்ற ஐந்து பேருக்கும் தலைக்குப் பதின்மூன்று என்று 65 சீட்டுகள் அந்தக் கண்ணாடியின் மேலே போய்த்தான் எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பத்துப் பன்னிரண்டு மனத்தில் நின்றாலும் போதும். எந்தச் சீட்டுக்காகக் காத்திருப்பது வீண், எந்தச் சீட்டை யாருக்கு இறக்கக்கூடாது என்பது ரம்மி ஆடத் தெரிந்தவருக்கு விளங்கிவிடும்.

ஏமாந்ததைவிட, இத்தனை நாள் இது எப்படி எங்கள் கண்ணில் படாமல் போயிற்று என்பதுதான் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. கலைத்த கட்டை இன்னொருவர் இரண்டாகப் பிரித்து, அடிப் பாதியை மேலே வைப்பதைத்தான் வெட்டுவது என்கிறோம். எங்கள் கூட்டத்தில் அப்போது சீட்டை யாரும் வெட்டியதே இல்லை. ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் கலைத்த கட்டை வெட்டக் கேட்டதற்கு, "என்னண்ணே, நமக்குள்ள என்ன வெட்டு?" என்று எங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், வெட்டக் கேட்டவர் கையை இழுத்துக்கொண்டார். மாமன் மச்சானிடமும், பக்கத்து வீட்டுக்காரரிடமும், கூடப் படித்தவரிடமும் சீட்டை வெட்டக் கேட்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் என்று நம் பக்கத்தில் ஒரு கூச்சம் ஊறிக்கிடக்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு விரல் வித்தை அவ்வளவாகத் தேவையில்லை. இந்தக் கூச்சத்தையே அவன் முதலாகப் போட்டுத் தொழில் செய்கிறான்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, எல்லாருக்கும் பொதுவான முறையை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கும் அதே முறை, வயதில் மூத்தவருக்கும் அதே முறை என்று ஆகிவிட்டால், யாரும் யாரையும் அவமதித்ததாக ஆகாது. கடையில் கல்லாவை மூடும்போது முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தாலும் நான் பணத்தை இரண்டு முறை எண்ணியதுண்டு. அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

முதலில் கலைப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் ரம்மிச் சீட்டுகள் சேர்ந்தவாக்கிலேயே கிடக்கும்: மூன்று ராஜா ஓரிடத்தில், டைமன் ஐந்து ஆறு ஏழு இன்னோரிடத்தில். அவற்றை அப்படியே அள்ளி, கையிலிருந்து கைக்கு நாலு தடவை உதிர்த்துவிட்டுப் போட்டால், சேர்ந்த சீட்டுகள் பெரும்பாலும் சேர்ந்தபடியேதான் இருக்கும். அள்ளுகிறவர் எதை மேலே வைத்தார், எதை அடியில் வைத்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். இளமையில் மாயவித்தைக்காரராக ஊர் சுற்றிப் பின்னாளில் கணிதப் பேராசிரியரான பெர்சி டயகோனிஸ் என்பவரும், டேவ் பேயர் என்பவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 52 சீட்டுள்ள ஒரு கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சரசரவென்று இறக்கும் கலைப்பை ஏழு முறை செய்தால்தான் சீட்டு நன்றாகக் கலையும் என்று காட்டினார்கள். இரண்டு கட்டுகளைச் சேர்த்து ஆடும் நம் ரம்மிக்கு இன்னும் ஒன்றிரண்டு முறை கூடுதலாக வேண்டும். கையில் உதிர்ப்பது அதற்கெல்லாம் பக்கத்திலும் வராது. ஏழு முறை இறக்கக் கை பழகாதவர்கள், எல்லாச் சீட்டையும் ஜமுக்காளத்தில் குப்புறப் பரப்பி, இரண்டு கையாலும் மாவு பிசைவதுபோல் ஒரு நிமிடம் பிசைந்துவிட்டுப் பிறகு அள்ளிக் கலைக்கலாம். ஆறு பேரும் பார்த்திருக்கச் செய்கிற அந்த ஒரு நிமிட வேலையில், அடுக்கி வைத்த அடுக்கு எதுவும் நிலைக்காது.

கலைத்தவர் கட்டை நடுவில் வைக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவர் வெட்டவேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெட்டிய இரண்டு பாதியையும் கலைத்தவரே கையில் வாங்கிச் சேர்த்தால், தேர்ந்த கைக்காரர் பழையபடியே அடுக்கிவிடுவார். வெட்டியதற்குப் பலன் இல்லாமல் போய்விடும். மேல் பாதி தரையில் இருக்க, அடிப் பாதியை அதன்மேல் ஒரே கையால், எல்லார் கண்ணெதிரிலும் தூக்கி வைக்கவேண்டும். கட்டின் அடிச் சீட்டு யாருக்கும் தெரியாதபடி, கட்டோடு வரும் வெற்றுச் சீட்டு ஒன்றை அடியில் கொடுத்துவிடவேண்டும். அடிச் சீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது அதை உருவித் தமக்கே போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களை அது ஒன்றே முடக்கிவிடும். சீட்டுப் போடும்போது கட்டு ஜமுக்காளத்தை ஒட்டியே இருக்கவேண்டும்; மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துப் போடுவதைப் பெருமை என்று விட்டுவிடக்கூடாது. கைப்பேசி, பளபளக்கும் சிகரெட் லைட்டர், எவர்சில்வர் தட்டு போன்ற எதுவும் போடுகிறவர் முன்னால் இருக்கக்கூடாது. எங்கள் மாடியில் இப்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. உட்காருமுன் ஆறு கைப்பேசிகளும் அதற்குள் போகும், என்னுடையது முதலில்.

குறி போட்ட சீட்டைக் கண்டுபிடிப்பது பலரும் நினைக்கிற அளவுக்குக் கடினமில்லை. கட்டை இடது கையில் இறுக்கிப் பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் வேகமாகத் தெறிக்கவிட்டுப் பின்புறச் சித்திரத்தையே பார்த்திருந்தால், எல்லாச் சீட்டிலும் சித்திரம் ஒன்றாக இருக்கும் வரையில் அது அசையாமல் நிற்கும். சில சீட்டுகளில் ஒரு புள்ளியோ இதழோ கூடியிருந்தால் அந்த இடம் மட்டும் துடிக்கும். நகக் கீறலையும் மடித்த மூலையையும் விரல் நுனியால் தடவியே அறிந்துவிடலாம். ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு ஆடும் நமக்கு வேறொரு தொல்லை உண்டு. ஒருவரும் குறி போடாமலே, அட்டைச் சீட்டு மாதக்கணக்கில் அழுக்கேறித் தானாகவே குறி போட்ட சீட்டாகிவிடும். எண்ணெய்க் கறை படிந்தது கிளாவர் ஒன்பது என்று எங்கள் ஆறு பேருக்குமே தெரிந்திருந்த ஒரு கட்டை வைத்து நாங்கள் ஒரு வருடம் ஆடியிருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரில் கழுவக்கூடிய பிளாஸ்டிக் சீட்டு வாங்குவதும், உட்காரும்போதும் நடுவில் ஒருமுறையும் சீட்டை எண்ணிவிடுவதும் நல்லது. இரண்டு கட்டுக்கு 104, அதற்குமேல் எத்தனை ஜோக்கர் என்பதை முதலிலேயே பேசிக்கொண்டால், யார் மடியிலும் ஒன்று தங்காது.

டிக் அடித்தவுடன், அதாவது எல்லாம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தவுடன், சீட்டைக் காட்டியும் காட்டாமலும் அள்ளிக் கலைத்துவிடுவதுதான் வீட்டு ரம்மியில் நான் அதிகம் பார்த்த தில்லுமுல்லு. ஒரே சின்னத்தில் வரிசையாக வரும், ஜோக்கர் சேராத ஒரிஜினல் ரம்மி இல்லாமலே ஜெயித்ததாகக் கணக்கு ஏறிவிடும். எல்லாரும் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை சீட்டு தரையில் விரித்தபடி இருக்கவேண்டும். தோற்றவர்களின் பாயிண்டையும் அவரவரே எண்ணிச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் எண்ணவேண்டும்.

போக்கர் எனக்கு ஆடிப் பழக்கமில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வரும்போது வில்லாபுரத்தில் ஒரு நண்பன் வீட்டில் ஆடுகிறான். அவன் சொல்லிப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் இருக்க, பொதுவான ஐந்து சீட்டுகளை முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று நடுவில் திறப்பார்களாம். ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் மேல் சீட்டு ஒன்றைக் குப்புறவே ஒதுக்கிவிடவேண்டும் என்பது முறை. அதை 'பர்ன்' என்கிறார்கள். "எங்க செட்டுல அதெல்லாம் பார்க்கிறதில்ல மாமா, நேரம்தான் வீணாகும்" என்றான். பந்தயம் கட்டிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் கட்டின் மேல் சீட்டின் முதுகு எல்லார் பார்வையிலும் இருக்கிறது. அதில் குறி இருந்தால் அடுத்துத் திறக்கப்போவது என்ன என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்துவிடும். அந்தச் சீட்டு ஆட்டத்துக்குள் வராமல் செய்யத்தான் அதை ஒதுக்குகிறார்கள் என்று நான் விளக்கியதும், அவன் முகம் கொஞ்சம் மாறியது. கேசினோக்காரர்கள் ஒரு நொடியைக்கூட வீணாக்காதவர்கள். அவர்களே விடாமல் செய்கிற சடங்கு ஒன்று இருக்குமானால் அதற்குக் காரணம் இல்லாமலிருக்காது.

அவர்கள் பணத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து ஆடுகிறார்கள். அதே வில்லைப் பெட்டி இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கக் கிடைக்கிறது. பையில் பத்து வில்லையோடு வருகிறவனைத் தடுக்க ஆளில்லை. எந்த நிறத்தில் எத்தனை வில்லை வெளியே போயிற்று, அதற்கு எவ்வளவு பணம் உள்ளே வந்தது என்று ஒருவர் எழுதி, முடிவில் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும் என்றேன். கணக்கனுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? பந்தயத்தை நடுக் குவியலில் எறியாமல் முதலில் அவரவர் முன்னால் வைத்து, எண்ணிய பிறகே உள்ளே தள்ளவேண்டும். ஒதுங்கிவிட்டவர், ஆடிக்கொண்டிருப்பவரின் சீட்டை எட்டிப் பார்க்கக்கூடாது. ஜிபே பண்ணிவிடுகிறேன் என்ற கடன் சொல்லுக்கு இடமே கொடுக்கக்கூடாது.

இவை எதற்கும் பிடிபடாத ஏமாற்று ஒன்று உண்டு. இரண்டு பேர் கூட்டுச் சேர்வது. ஒருவருக்கு வேண்டிய சீட்டை மற்றவர் இறக்கிக்கொண்டே இருப்பார்; காதைச் சொறிவதும், சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பதும், தொண்டையைச் செருமுவதும் ஒரு பாஷையாகிவிடும். போக்கரில் இருவரும் மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றி, நடுவில் மாட்டிக்கொண்டவரை ஒதுங்க வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, அதன் வரிசைப்படி இடம் பிடிப்பதும், மணிக்கு ஒருமுறை இடம் மாறுவதும் ஓரளவுக்கு உதவும். ஆனால் இதற்கு உண்மையான மருந்து என் நோட்டைப் போன்ற ஒரு நோட்டுதான். ஒரு நாளில் தெரியாதது ஆறு மாதத்துப் பக்கங்களில் தெரியும்; யார் உட்கார்ந்தால் யார் ஜெயிக்கிறார் என்பது எழுத்தில் வந்துவிட்டால் அதை மறைக்க முடியாது.

கல்யாண மண்டபத்து மங்காத்தாவையும் மூணு சீட்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வெளியே என்று விழுவதெல்லாம் சீட்டுப் போடுகிறவர் கையில் இருக்கிறது. அந்த ஆட்டங்களில் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுகொள்வது உத்தமம்.

சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்து அஜாக்கிரதையாக இருக்கவும் முடியாது. 1968இல் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. மூன்று சீட்டு ஆட்டத்தோடு அதை ஒன்றாக வைக்க முடியாது என்றது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்று தீர்மானிப்பதில் திறமை இருக்கிறது. கலைத்துப் போடும் சீட்டு குறிப்பிட்ட ஒழுங்கில் விழுவதில்லை என்ற அளவில்தான் அதில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்பது நீதிபதிகளின் கருத்து. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகவே பார்த்தது. சீட்டு ஒழுங்கில்லாமல் விழுகிறது என்ற அந்த அடிப்படையே, அடுக்கிப் போடுகிறவன் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் கவிழ்ந்துபோகிறது. அப்போது அந்த ஆட்டத்தில் மற்ற ஐவருக்குத் திறமையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை.

மோசடி என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்படி குற்றம்தான். ஆனால் புகார் கொடுக்கப் போகிறவர் தாம் எங்கே, எதை, எவ்வளவுக்கு ஆடினோம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கும். வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் ஆடியவர் காவல் நிலையப் படியேறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பந்தயத்தில் ஜெயித்த பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்கவும் வழியில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30ஆவது பிரிவில் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. தோற்றவர்களுக்கு இது சாதகம் என்று தோன்றலாம். அதனால்தான் விவரமானவர்கள் ஆட்டக் கடனை ஆட்டக் கடனாக விடுவதில்லை. புரோநோட்டாகவோ, தொகை நிரப்பாத காசோலையாகவோ எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். கையெழுத்து இருக்கும் வரையில், பணம் வாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில் வந்து விழுகிறது. மீட்டர் வட்டியும் கந்து வட்டியும் 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்றாலும், விடியற்காலை மூன்று மணிக்குத் தோற்ற பணத்தை மீட்க நினைக்கிறவருக்கு அந்தச் சட்டம் ஞாபகத்துக்கு வராது. ஆட்ட இடத்தில் யார் கடன் கொடுத்தாலும் வாங்குவதில்லை என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு, இழக்கத் தயாரான பணத்தை மட்டும் எடுத்துப்போவதைத் தவிர வேறு காப்பு கிடையாது.

தென்னந்தோப்பு வீட்டில் பிரியாணியும் பாட்டிலும் இலவசம் என்று கூப்பிட்டு, முதல் இரண்டு வாரம் ஜெயிக்கவிட்டு, மூன்றாவது வாரம் பந்தயத்தை ஏற்றுகிறவர்களைப் பற்றி நம் ஊரில் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கமிஷன் எடுத்தால் அது நண்பர்கள் ஆட்டம் ஆகாது. அவர் லாபம் பார்க்கும் இடம் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டப்படி சூதாட்ட விடுதி என்ற கணக்கில் வந்துவிடக்கூடும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் அது வில்லங்கம்தான். ஆட்டத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் சட்டையைப் பிடிக்கவேண்டாம். ஆதாரம் இல்லாமல் ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்ட சொல்லைத் திரும்ப வாங்க முடியாது, சீட்டுச் சண்டைகள் எங்கே போய் முடியும் என்பதும் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். புதுக் கட்டு கேளுங்கள். கொடுக்காவிட்டால் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நானும் அன்று அப்படித்தான் செய்தேன். இஸ்பேட் ராணியைப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, இனிமேல் எல்லாரும் வெட்டக் கொடுத்தே சீட்டுப் போடவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அந்த நண்பர் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். கைப்பேசியை டப்பாவில் போட்டார். இரண்டு வாரம் வந்து ஆடினார், கொஞ்சம் தோற்றார், பிறகு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டார். முப்பது ஆண்டுப் பழக்கம். என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் அவர்.

தங்கள் நாளிதழை வரி விடாமல் படிக்கிறவர் என்பதால் இக்கடிதம் அவர் கண்ணிலும் படலாம். அவருடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முழங்கால் சரியானதும் வரட்டும். டப்பாவில் கைப்பேசியைப் போட்டுவிட்டு, எங்களைப் போல் வெட்டக் கொடுத்து ஆடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
பழங்காநத்தம், மதுரை.